சுவர்ப்பாசி காயும் வேகம்

சென்ற மாதம் எங்கள் பழைய துறையிலிருந்து அழைப்பு வந்தது. வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் நாம் சொன்னபடி நிறுத்திவைக்கும் அலமாரி ஒன்று புதிதாக வந்திருக்கிறது, வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். போனேன். குளிர்சாதனப் பெட்டியைப் போல நிமிர்ந்து நின்றது. கதவைத் திறந்தால் தட்டுத் தட்டாகக் கண்ணாடிக் கிண்ணங்கள்; ஒவ்வொன்றிலும் நகத்தளவு பசுமை. முகப்பில் ஓர் எண்ணைத் தொட்டால் உள்ளிருக்கும் காற்று அந்த அளவுக்கு உலர்ந்துவிடுகிறது. நான் ஓய்வு பெற்ற பின் சேர்ந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி கேட்டாள்: "இது வர்றதுக்கு முந்தி பாசியை எப்படி டீச்சர் ஒரே வேகத்துல காய வெச்சீங்க?"

கல்லுப்பு என்றேன். நான் விளையாட்டாகச் சொல்வதாக எண்ணி அவள் சிரித்தாள். துறையின் ஆண்டுமலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி முன்பே கேட்டிருந்தார்கள். அந்தக் கல்லுப்பைப் பற்றியே எழுதலாம் என்று வீடு திரும்பும் பேருந்தில் தோன்றியது. அதை எழுதினால் விசாலாட்சி டீச்சரைப் பற்றியும், எஸ்தரைப் பற்றியும், எஸ்தரின் அம்மாவைப் பற்றியும் எழுதியாக வேண்டும்.

பாசி என்றதும் பலருக்குக் குளம்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது வேறு. மழைக்காலத்தில் மதில்மேலும் கிணற்றுச் சுவரிலும் வெல்வெட்டுத் துணியை விரித்தாற்போலப் படருமே, பாடப்புத்தகம் மாஸ் என்று குறிப்பிடுமே, அந்தச் சுவர்ப்பாசி. நான் பிறந்து வளர்ந்த சித்திரபுரம் மின்வாரியக் குடியிருப்பில் அது ஏறாத சுவர் கிடையாது. ஆட்கள் வந்து சுரண்டிச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போவார்கள். அடுத்த மழைக்குள் பச்சை திரும்பிவிடும். தாவரவியல் படிக்க மலையிறங்கிப் பாலக்காட்டுக்கு வந்ததும், படித்த துறையிலேயே விரிவுரையாளராக அமர்ந்ததும் இதற்குமேல் நீட்டிச் சொல்லத்தக்க கதை அன்று. துறைத்தலைவியாக விசாலாட்சி டீச்சர் இருந்தார் என்பதுதான் அதில் முக்கியமான செய்தி.

இத்தனை மரமும் பூவும் இருக்கிற நாட்டில் எதற்குப் பாசி என்று எங்களைக் கேட்காதவர்கள் குறைவு. வகுப்பில் நான் சொல்லும் விடை இது. பூக்கும் செடியின் உடலில் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு படிகளாக இருக்கும். ஒன்றில் பிழை நேர்ந்தால் மற்றது அதை மறைத்துவிடும். பாசியின் பச்சை உடலிலோ ஒரே படிதான் உண்டு. மாற்றம் நேர்ந்தால் பெரும்பாலும் அப்போதே வெளியே தெரியும். ஓர் இலையைக் கிள்ளி ஈரமணலில் வைத்தால் முழுச் செடியாகும். ஆகவே ஒரே செடியின் நகல்களை வேண்டிய அளவு வளர்த்து, வெயிலில் சிலவும் நிழலில் சிலவும் வைத்துப் பார்க்கலாம். அதற்கு உண்மையான வேர் கிடையாது. நீரை உடல் முழுவதாலும் குடிக்கிறது, உடல் முழுவதாலும் இழக்கிறது. நிலத்துக்கு முதலில் ஏறிவந்த செடிகள் வறட்சியை எப்படித் தாங்கின என்று ஆராய்பவர்கள் பாசியிடம் வந்து சேர்வது இதனால்தான். டீச்சரின் விடை இன்னும் சுருக்கமானது. "இதுக்கு ஒளிச்சு வைக்கத் தெரியாது. அதாக்கும் காரியம்."

டீச்சர் பாலக்காட்டிலேயே கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். கழுத்துச் சங்கிலியோடு கறுப்பு நூலில் கோத்த கைலென்ஸ் ஒன்று எப்போதும் தொங்கும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒரு முடிவைக் கொண்டுபோய்க் காட்டினால் நன்று என்றோ தவறு என்றோ சொல்லமாட்டார். "எப்படி?" என்பார். சொல்வோம். "அதுக்கு முன்னாடி?" என்பார். அதையும் சொல்வோம். இப்படியே பின்னோக்கி நடந்து, செடியைப் பறித்த சுவர் வரைக்கும் போய்த்தான் அந்தக் கேள்வி நிற்கும். புதிதாக வந்தவர்களுக்கு இது தண்டனையைப் போல இருக்கும். பழகியவர்களுக்கு, அவர் கேட்பதற்கு முன்பே தமக்குள் கேட்டுக்கொள்ளும் வழக்கம் வந்துவிடும்.

எங்கள் ஆய்வகத்தில் முதல் நாளே கற்றுத் தருவன இரண்டு. பறித்த பாசியை அன்றைக்கே ஃபேனுக்குக் கீழே பரப்பி உலர்த்திவிட வேண்டும் என்பது ஒன்று. ஈரத்தோடு பொட்டலம் கட்டினால், அதிலும் மலையிலிருந்து வந்ததைக் கட்டினால், பூஞ்சணம் பூத்து உருத்தெரியாமல் போய்விடும். அடுத்தது, காய்ந்த பாசியை நனைத்ததும் இலை விரிவதைக் கண்டு மகிழக் கூடாது என்பது. செத்த பாசியும் நீர்பட்டால் விரியும். பச்சையாகக்கூடச் சில நாள் இருக்கும். "விரிஞ்சாப் போறாது. முளைக்கட்டும்" என்பார் டீச்சர். புதுத் துளிர் வரும்வரை எங்கள் பேச்சில் எந்தப் பாசியும் பிழைத்ததாகக் கணக்கில்லை.

எஸ்தர் ஆராய்ச்சி மாணவியாக எங்களிடம் வந்தபோது எனக்குத் தலைமுடி நரைக்கத் தொடங்கியிருந்தது. உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் வளர்ந்தவள். அவளது சிறுவயதிலேயே தகப்பனார் தவறிவிட்டார். அம்மா ஞானப்பூ தோட்டத்தில் காய் பறிக்கும் தொழிலாளி. தோட்டம் கொடுத்த லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், இருவரும் இருந்தார்கள். துறையில் மற்றவர்களைப் போல என்னை டீச்சர் என்பாள். தனியாக இருக்கும்போது, ஒரே மலைக்காரர்கள் என்ற உரிமையில், அக்கா என்பாள்.

அவள் எடுத்துக்கொண்ட கேள்வி நேரானது. சித்திரபுரத்துச் சுவரில் வளரும் அதே பாசி, மழை மறைவில் கிடக்கும் முதலமடையின் மாந்தோப்புகளிலும் வளர்கிறது. மலையில் அது ஆண்டில் பல மாதம் நனைந்தே இருக்கும். முதலமடையில் பல மாதம் காய்ந்தே கிடக்கும். பல தலைமுறைகள் வறண்ட நிலத்தில் வாழ்ந்ததால் முதலமடைப் பாசி வறட்சியைத் தாங்கும் தனிக் குலமாக மாறிவிட்டதா, அல்லது இரண்டும் ஒன்றேதானா?

முதலமடையில் எங்களுக்குச் சுவர் கொடுத்தவர் மயில்சாமி. தோப்புக்காரர். மாங்காய் லாரிகள் நிற்கும் களத்தைத் தாண்டி, பழைய கிணற்றுக்கு எங்களை அழைத்துப்போனார். எஸ்தர் கத்திமுனையால் பெயர்த்தெடுப்பதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, மாங்கா கேட்டு வருவாங்க. கொட்டை கேட்டுக்கூட வந்திருக்கறாங்க. செவுத்துல செத்துக் கெடக்கறதச் சொரண்டிட்டுப் போறவீங்கள இப்பத்தானுங்க பாக்கறேன்."

"சாகலீங்கய்யா. தூங்குது."

"அப்ப எந்தோப்பு ஆளுக மாதிரின்னு சொல்லுங்க."

எஸ்தர் குடிநீர்ப் புட்டியிலிருந்து கொஞ்சம் நீரைச் சுவரில் ஊற்றினாள். கரும்பழுப்பாகச் சுருண்டு கிடந்தது, நாங்கள் பார்த்திருக்கும்போதே இலைவிரித்துப் பச்சையானது. மயில்சாமி குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். "மலைலயும் இதேதானுங்களா இருக்குது? ரெண்டையும் மோத உட்டா எது செயிக்கும்?"

"பாத்துட்டு வந்து சொல்லுதேன்ய்யா."

"எங்கூட்டுதுதானுங்க செயிக்கும். இது தண்ணியில்லாத ஊரு. இங்க நின்னது எங்கயும் நிக்கும்."

அவர் சொன்னபடியே ஆயிற்று. இரண்டிடத்துப் பாசியையும் உலர்ந்த நிலையில் வைத்திருந்து நனைத்தபோது, முதலமடைப் பாசி ஏறக்குறைய எல்லாக் கிண்ணங்களிலும் துளிர்த்தது. சித்திரபுரத்துப் பாசி விரிந்தது, சில நாள் பச்சை காட்டியது, பிறகு பழுப்பாகிக் கரைந்தது. ஒரே இனம், இரண்டு நிலம், இரண்டு குலம். எஸ்தர் அதை நல்ல ஆங்கிலத்தில் அழகாக எழுதினாள். ஆய்வேட்டின் நடு அத்தியாயம் அதுதான்; மற்றவை அதைத் தாங்கி நின்றன.

அந்த ஆண்டின் இறுதியில் ஞானப்பூவுக்கு ஓய்வு வயதாகி, தோட்டத்தில் வேலை முடிவதாக இருந்தது. குடும்பத்தில் ஒருவரும் தோட்டத்து வேலையில் இல்லையென்றால் லயத்தை ஒழித்துக் கொடுத்துவிட வேண்டும். அவர்களுக்கு வேறு வீடோ நிலமோ கிடையாது. அதே சமயத்தில் மலைமேல் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் இடம் ஒன்று காலியாகியிருந்தது. நேர்காணலுக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எஸ்தர் அந்தக் கல்லூரிக்குப் பக்கத்தில் வாடகை வீடுகூடப் பார்த்து வைத்திருந்தாள். அம்மாவுக்கு ஊரும் மாறாது, குளிரும் மாறாது.

டீச்சர் அத்தியாயத்தைப் படித்து முடித்த பிற்பகலில் நானும் ஆய்வகத்தில் இருந்தேன். மேசைமேல் தாள்களை அடுக்கித் தட்டி நேராக்கிவிட்டுச் சொன்னார்.

"இங்கிலீஷ் நன்னா இருக்கு, குட்டி. கேமம். மலைப் பாசியை எப்படி ஒணக்கினே?"

"ஃபேனுக்குக் கீழ, டீச்சர். நம்ம வழக்கம்போல, பறிச்ச அன்னைக்கே."

"முதலமடைப் பாசியை?"

"அதுவும் ஃபேன்லதான் போட்டேன். ஆனா அது வரும்போதே காஞ்சிதான் இருந்துச்சு."

"யாரு ஒணக்கினா?"

"வெயிலு."

"எத்தனை நாளா?"

எஸ்தர் பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. முதலமடையில் மழை ஓய்ந்தபின் கிணற்றுச் சுவரின் நிழலில் அந்தப் பாசி நாளுக்குக் கொஞ்சமாக நீரை இழந்திருக்கிறது. அப்படி மெதுவாகக் காயும்போது பாசி தன் உயிரணுக்களைக் காக்கும் சர்க்கரையையும் புரதங்களையும் சேர்த்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும். சித்திரபுரத்துப் பாசியை நாங்கள் சொட்டச் சொட்ட எடுத்துவந்து ஒரு மாலைப்பொழுதில் சருகாக்கியிருந்தோம். நாங்கள் ஒப்பிட்டது இரண்டு பாசிகளையா, இரண்டு உலர்த்தல்களையா என்று இனிச் சொல்ல வழியில்லை. ஃபேனில் உலர்த்துவது பொட்டலம் கட்டி அடுக்கிவைக்கும் மாதிரிகளுக்கு உகந்த முறை. அவற்றின் வடிவம் கெடாமலிருந்தால் போதும். உயிரோடிருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பாசியைச் சேகரித்தே பழகியவர்களுக்குத்தான் இந்தத் தவறு நேரும்.

"இந்த ஃபேன் பழக்கம் நான் கொண்டுவந்ததாக்கும்" என்றார் டீச்சர். "ஒன்மேல தப்பு சொல்ல மாட்டேன். பரிசோதகர் இதைக் கேக்காமலும் இருக்கலாம். ஒங்காத்து நிலைமை நேக்குத் தெரியும். கையெழுத்து வேணும்னா நாளைக்கே போட்டுத் தரேன். வேண்டாம்னா ரெண்டையும் ஒண்ணா வளத்து, முதல்லேர்ந்து பண்ணணும். யோசிச்சுட்டுச் சொல்லு."

எஸ்தர் வெளியே போனபின் நான் கேட்டேன். "நீங்களே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே டீச்சர்?"

"சொல்லலாம், கோமதி. சொன்னா அவ எம்பேச்சைக் கேட்டான்னு ஆகும். வீடு போறது அவளுக்கு. முடிவு மட்டும் என்னோடதா?"

அன்று மாலை எஸ்தரும் நானும் பேருந்து நிலையம் வரை நடந்தோம். "நீங்களா இருந்தா என்னக்கா செய்வீங்க?" என்றாள்.

"நாங்க குவார்ட்டர்ஸை விட்டு எறங்கினப்ப எங்கப்பாவுக்குப் போக ஓர் எடம் இருந்துச்சு. அதனால நான் எது சொன்னாலும் அது ஒனக்குப் பொருந்தாது, எஸ்தர்."

அவள் அம்மாவைக் கைப்பேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னாள். ஞானப்பூவின் குரல் மலையிலிருந்து பேசிப் பழகிய குரல். ஓரடி தள்ளி நின்ற எனக்கும் நன்றாகக் கேட்டது.

"ஏட்டி, இன்னொரு வருசம் பாசியக் காய வெக்கப் போறியா? ஏலக்காயக் காய வெச்சாலாவது காசு வரும்லா."

"அம்மா, நான் சும்மா வெளையாடல."

"நான் மட்டும் வெளையாடுதனா? லயத்தக் கொடுத்துட்டு நான் எங்கன போயி இருக்க?"

"எங்கூட."

மறுமுனையில் "அந்த வெக்கையிலயா" என்று மட்டும் கேட்டது. எஸ்தர் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னாள்: "மயில்சாமி ஐயா எது செயிச்சுதுன்னு கேப்பாருக்கா. ஃபேன் செயிச்சுதுன்னு எப்படிச் சொல்லுதது?"

மறுநாள் அவள் கையெழுத்து கேட்கவில்லை. மணல் சலிக்கத் தொடங்கினாள்.

அந்த மறுவேலையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். புதிய அலமாரியோடு வேலை செய்பவர்களுக்கு உதவக்கூடும். இரண்டு சுவர்களிலிருந்தும் புதிதாகப் பாசி எடுத்து, நுனிகளை மட்டும் கிள்ளி, ஒரே மணலில், ஒரே தட்டில், ஒரே சன்னலுக்குக் கீழே நட்டோம். நடுவில் நூல் கட்டி இந்தப் பாதி மலை, அந்தப் பாதி முதலமடை என்று பிரித்துக்கொண்டோம். குழாய் நீரில் சுண்ணாம்பு இருக்கும் என்பதால் பிடித்துவைத்த மழைநீரையே தெளித்தோம். பழைய இலைகள் பழைய வெயிலை நினைவில் வைத்திருக்கும். ஆகவே பல மாதம் காயவிடாமல் வளர்த்து, எங்கள் மணலில் புதிதாக எழுந்த தண்டுகளை மட்டுமே சோதனைக்கு எடுத்தோம்.

உலர்த்துவதற்குத்தான் கல்லுப்பு. ஒரு கண்ணாடிப் பெட்டியின் அடியில் உப்பு கரையமாட்டாமல் மிஞ்சும் அளவுக்குக் கெட்டியான கரைசலை ஊற்றி, அதற்குமேல் கம்பித்தட்டில் பாசியை வைத்து, மூடியின் விளிம்பில் களிம்பு தடவி அடைத்துவிட்டால், உள்ளேயிருக்கும் காற்றின் ஈரம் முக்கால் பங்கில் நின்றுவிடும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. பாசி அதற்குள் மெதுவாக உலரும். கடையில் வாங்கும் கல்லுப்பில் வேறு உப்புகளும் கலந்திருப்பதால் அதைக் கரைத்து, வடிகட்டி, மறுபடி படியவைத்துப் பயன்படுத்தினோம். வேகமாக உலர்த்துவதற்கு இன்னொரு பெட்டியில் ஈரம் உறிஞ்சும் நீல மணிகளைப் பரப்பினோம். மூன்றாவது பகுதியை முதலில் உப்புப் பெட்டியில் மெதுவாக உலர்த்தி, நனைத்துத் தெளியவிட்டு, அதன்பின் நீல மணிப் பெட்டிக்கு மாற்றினோம்.

நேர்காணல் நாள் இதற்கிடையில் வந்து போயிற்று. அந்த இடத்தில் வேறொருவர் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டோம். அன்று எஸ்தர் வழக்கம்போல வந்து மழைநீரைத் தெளித்தாள். மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே அறைக்குக் கொண்டுபோனாள்.

துளிர்கள் வரும்வரை காத்திருந்து கண்டது இதுதான். மெதுவாக உலர்ந்தவற்றில் இரண்டிடத்துப் பாசியும் முளைத்தது. வேகமாக உலர்ந்தவற்றில் இரண்டுமே செத்தன. முதலமடைப் பாசி செத்துக் கிடந்த கிண்ணத்தைத்தான் எஸ்தர் நெடுநேரம் கையில் வைத்திருந்தாள். மூன்றாவது பகுதியில், ஒருமுறை மெதுவாகக் காய்ந்து பழகிய பின், மலைப் பாசியும் நீல மணிகளைப் பெரும்பாலும் தாங்கியது. முதலமடைப் பாசி சற்று முந்தித் துளிர்த்தது என்ற ஒரு சிறு வேற்றுமை மட்டும் மிஞ்சியது. அது பிறப்பால் வந்ததா என்று பின்னால் வருபவர்கள் பார்க்கட்டும் என எழுதினாள். இரண்டு குலங்கள் என்ற அழகிய முடிவு போய்விட்டது. தாங்கும் திறன் இரண்டிலும் இருக்கிறது, அது எழுவதற்கு அவகாசம் வேண்டும் என்ற முடிவு வந்தது. பழைய அத்தியாயத்தை அவள் தூக்கி எறியவில்லை. ஃபேனைப் பற்றிய விளக்கத்தோடு முதல் அத்தியாயமாகச் சேர்த்துக்கொண்டாள்.

மயில்சாமிக்குச் சேதி சொல்ல நானும் உடன் போனேன்.

"ரெண்டும் ஒண்ணுதானுங்களா? அப்ப எங்கூட்டுது பெருசா ஒண்ணும் பண்ணலீங்களா?"

"அதுக்கு மெதுவாக் காய நேரம் கெடச்சுதுய்யா. நேரம் கொடுத்தா மலைல உள்ளதும் தாங்குது."

அவர் கிணற்றுச் சுவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "செயிச்சுப்போடுச்சுன்னு களத்துல எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டனுங்க. செரி, போவுது. சமம்னு சொல்லிக்கறேன்."

லயத்தை ஒழிக்கும் நாள் நெருங்கியபோது, அம்மாவைக் கோடைவரை மலையிலேயே சித்தி வீட்டில் விட்டுவைத்துப் பிறகு அழைத்துவரலாம் என்று எஸ்தர் நினைத்திருந்தாள். டீச்சர் காதில் அது விழுந்தது.

"குளுந்த மலையிலேர்ந்து நேரா சித்திரை வெயில்ல எறக்கப் போறியா? இவ்வளவு நாள் என்ன படிச்சே? மார்கழியிலேயே கூட்டிண்டு வா. கொஞ்சங் கொஞ்சமாப் பழகட்டும்."

அவர் முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. எஸ்தர் அதை அறிவுரையாகவே எடுத்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்த கையோடு அம்மாவையும், இரண்டு டிரங்குப் பெட்டிகளையும், மணத்துக்காக ஒரு மூட்டை ஏலச்சருகையும் கொண்டுவந்து சேர்த்தாள். நகரத்தின் கிழக்கோரத்தில் இரண்டறை வாடகை வீடு. மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சன்னல்களை அடித்துக்கொண்டிருந்தது. மாசியில் அது நின்றது. பங்குனியில் ஓடு சுடத் தொடங்கியது.

சித்திரையில் ஒரு மாலை டீச்சரும் நானும் அந்த வீட்டுக்குப் போனோம். ஆய்வேடு சமர்ப்பித்தாகிவிட்டது. கிழக்கே ஒரு கல்லூரியில் தற்காலிகமாக வகுப்பெடுக்க எஸ்தர் சேர்ந்திருந்தாள். பின்னாளில் அதே கல்லூரியில் நிரந்தரமானாள். ஞானப்பூ ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, ஃபேனுக்கு நேர் கீழே தரையில் அமர்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எங்களைக் கண்டு எழப்போனவரை டீச்சர் கையமர்த்தி உட்காரவைத்தார்.

"எப்படி இருக்கேள்? சூடு தாங்கறதா?"

"காயுதேன் டீச்சர்" என்றார் ஞானப்பூ, கீரையிலிருந்து கண்ணெடுக்காமல். "மெதுவாத்தான் காயுதேன்."

மகள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது. டீச்சர் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை அண்ணாந்து பார்த்தார். பிறகு எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் எழுந்துபோய் விசையைத் திருகி வேகத்தைக் குறைத்தாள்.

"ஏட்டி, அதக் கூட்டி வை" என்றார் ஞானப்பூ. "நான் ஒண்ணும் பாசி இல்ல."